டிவிசன் கணக்கு

லூனாஸிலிருந்து பாடாங் செராய்க்கு வரும் சாலையில் மாலை நெரிசல். முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தும், அடியில் சொட்டிய தண்ணீரும் காற்றில் வந்த நாற்றமும் என்ன சரக்கு என்று சொல்லிவிட்டன. கட்டிப்பால். பாலிங், சிக் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் பால்மரத்தை விடவில்லை. பக்கத்து வண்டிகளில் அவசரமாகக் கண்ணாடிகள் ஏறின. அவர் தன் கண்ணாடியை இறக்கினார். தோட்டத்தில் பிறந்து ஐம்பதைத் தாண்டிய யாரும் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்துவதில்லை.

பினாங்கில் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில் தரவுத்தளப் பொறுப்பு அவருக்கு. தொழிற்சாலை, தோட்டம், கடை, ஓட்டல் என்று பல முதலாளிகளின் ஆட்களுக்கு மாதச் சம்பளம் கணக்கிட்டுக் கொடுக்கும் வேலை. அந்த வாரம் முழுக்க அங்கே ஒரே பேச்சு: எல்லாருடைய கணக்கும் உட்கார்ந்திருக்கும் ஒற்றைத் தரவுத்தளத்தை எப்படிப் பல சர்வர்களுக்குப் பிரிப்பது? பேசி அலுத்து வந்தவருக்கு, லாரியின் பின்னால் நின்றபோது அப்பாவின் ஆபீஸ் கண்முன் வந்தது. அங்கேயும் இதே சிக்கல் இருந்தது. அதற்கு ஒரு வழியும் செய்து வைத்திருந்தார்கள்.

அப்பா தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் கணக்கெழுத்தர். விக்டோரியா, ஹென்ரியட்டா என்று வெள்ளைக்காரப் பெயர்களைச் சுமந்த தோட்டங்கள் பாடாங் செராயைச் சுற்றி இருந்த காலம். அவர்களுடையது அவற்றையும் தாண்டிச் சற்று உள்ளே தள்ளி இருந்தது. மூன்று டிவிசன். ஒவ்வொரு டிவிசனுக்கும் தனி லயம், தனிப் பெரட்டுக்களம், தனி ஸ்டோர், ஆட்களை மேற்பார்க்கும் தனி மண்டோர்கள், தனிச் செக்ரோல். நடுவில் பெரிய ஆபீஸ். விடியுமுன் பெரட்டு எடுத்தாக வேண்டும். வெட்டிய பால் உறைவதற்குள் காண்டா வாளி ஸ்டோருக்கு வந்தாக வேண்டும். எல்லா ஆட்களையும் ஒரே களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், பாலும் நின்றுவிடும். பெரட்டை டிவிசனுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். கணக்கும் அதன் பின்னாலேயே பிரிந்தது.

செக்ரோலை அவர் அப்பாவின் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். மேசையில் விரித்தால் மேசையே மறையும் அகலமான தாள். இடது ஓரத்தில் ஆள் எண்ணும் பெயரும். அப்புறம் 1 முதல் 31 வரை சின்னச் சின்னக் கட்டங்கள். வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்குச் சுழி, அதே கட்டத்துக்குள் பொடி எழுத்தில் பால் எடை. வலது ஓரத்தில் கூலி, முன்பணம், ஊழியர் சேமநிதிக் கழிவு, கடைசியில் கைக்கு வருவது. அப்பா கோடு போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். நனைந்த கையோடு யாராவது ரோலைத் தொட வந்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

புதிதாக வந்த சின்னத் துரை ஒருவர், ஆபீஸ் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று டிவிசன் வாரியான ரோல்களை எடுத்துவிட்டு, ஆங்கில எழுத்து வரிசைப்படி பெயர்களைப் பிரித்து எழுதலாமே என்றாராம். பெரிய கிராணியார் மறுத்துப் பேசவில்லை. பழைய ரோல்களைக் கொண்டுவந்து 'எம்' எழுத்தில் தொடங்கும் பெயர்களைப் படித்துக் காட்டினார். மாரியம்மா, முனியம்மா, மாரிமுத்து, முனியாண்டி, முத்தம்மா, மீனாட்சி, மாணிக்கம். பக்கம் பக்கமாகப் போனது. 'எம்' புத்தகம் எழுதும் கிராணி நள்ளிரவு வரை உட்கார வேண்டும். பக்கத்து மேசைக்காரர் மாலை நான்கு மணிக்கே மைக்கூட்டை மூடிவிடலாம். அதைவிடப் பெரிய தொல்லை, ஒரு டிவிசன் மண்டோர் தன் ஆட்களின் கணக்கைப் பார்க்க எல்லாப் புத்தகங்களையும் புரட்டியாக வேண்டும். அந்த யோசனை அன்றோடு போனது. தரவுத்தளத்தைத் தப்பான இடத்தில் வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை எந்தப் புத்தகத்திலும் அவர் பிறகு படிக்கவில்லை.

இன்னொன்றும் அங்கே பார்த்ததுதான். இரண்டாம் டிவிசன் பெண் முதல் டிவிசனுக்கு மருமகளாகப் போவாள். மாதத்தின் நடுவில் அவள் கணக்கு ரோல் மாறும். அப்பா இளைய கிராணியிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார்: “புது ரோல்ல பேரு ஏறுற வரைக்கும் பழைய ரோல்ல செவப்பு மை வைக்காதப்பா.” முதலில் புது ரோலில் பெயரையும் அதுவரை உள்ள நாளையும் எழுதுவார்கள். இரண்டையும் கூட்டிச் சரிபார்ப்பார்கள். அதன் பிறகுதான் பழைய வரியில் சிவப்புக் கோடு. இடையில் ஒரு நாள் அவள் இரண்டு ரோலிலும் இருப்பாள். ஒன்றிலும் இல்லாமல் போகும் நேரம் வரக்கூடாது. அப்படி விட்டுப்போனால் சம்பள நாளில் வரிசையில் நின்று பெயர் கூப்பிடாமல் வெறுங்கையோடு திரும்புகிறவள் அவள்தான்.

1996-இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தபோது தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போக ஃபேக்டரி பஸ்கள் பாடாங் செராய் வரை வந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் போய்த் தாமான் வீடுகள் வந்தன. அவரும் முதலில் ஒரு ஃபேக்டரியில் கணினிப் பிரிவில் சேர்ந்து, பிறகு பினாங்குக்குப் போனார். சம்பளக் கணக்கு என்றதும் தயக்கமின்றிச் சேர்ந்ததற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை.

அவர் சேர்ந்தபோது ஒரு சர்வர், ஒரு தரவுத்தளம், எல்லா நிறுவனங்களின் சம்பள வரிகளும் ஒரே டேபிளில். 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த ஏற்பாடு அது: விவரங்களை வரிசையும் பத்தியுமாக டேபிள்களில் வை, எங்கே இருக்கிறது என்ற கவலை கேட்பவனுக்கு வேண்டாம், கேள்வியை மட்டும் கேட்கட்டும். அந்த ஏற்பாட்டின் அழகில் அவருக்கு இன்றும் மயக்கம் உண்டு. டேபிள் பெருத்தபோது நினைவகத்தைக் கூட்டினார்கள். வேகமான வட்டு வாங்கினார்கள். அதைவிடப் பெரிய இயந்திரம் வாங்கினார்கள். பல ஆண்டுகள் அதிலேயே ஓடியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரிய இயந்திரத்தில் அடங்குகிற தரவுத்தளத்தை ஆர்வக்கோளாறில் எட்டாக வெட்டியவர்கள் பட்ட பாட்டை அவர் பார்த்திருக்கிறார்.

அடுத்தது பார்ட்டிஷன். ஒரே சர்வருக்குள் ஒரு டேபிளைத் துண்டுகளாக வைப்பது. ஆரக்கிள் 1997-இல் தன் எட்டாம் பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. மைஎஸ்கியூஎல் 2008-இல் வெளியான 5.1-இல். போஸ்ட்கிரஸில் 2017-இல் வந்த பத்தாம் பதிப்பு வரை டேபிள் மரபுரிமையை வைத்துச் சுற்றி வளைத்துச் செய்ய வேண்டியிருந்தது. இவர்கள் சம்பள வரிகளை மாதத்துக்கு ஒரு துண்டாக வைத்தார்கள். மார்ச் சம்பளத்தைக் கேட்டால் தரவுத்தளம் மார்ச் துண்டை மட்டும் திறக்கும், மற்றவற்றைத் தொடாது. வருமான வரிக்காக 7 ஆண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டிய பழைய மாதத்தைக் கழிக்க முன்பெல்லாம் லட்சக்கணக்கான வரிகளை இரவெல்லாம் அழிப்பார்கள். இப்போது பழைய துண்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். நொடியில் முடிகிற வேலை.

இந்த மாதப் பிரிப்பில் ஒரு சிக்கலைச் சோதனையின்போது ஓர் இளம் பெண் பொறியாளர் கண்டுபிடித்தார். காலை 7 மணி ஷிப்டுக்கு 1-ஆம் தேதி அட்டை தட்டிய ஆட்களில் பலர் முந்தைய மாதத் துண்டில் கிடந்தார்கள். தரவுத்தளம் நேரத்தை உலகப் பொது நேரமாக வைத்திருந்தது. மலேசியா அதற்கு 8 மணி நேரம் முந்தியது. இங்கே 1-ஆம் தேதி காலை 7 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 11. “அண்ணே, ஒன்னாந்தேதி ஆளுங்க பூரா முப்பத்தொன்னுல இருக்காங்க” என்று அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினார். மலேசிய நேரப்படி மாதத்தைத் தனிப் பத்தியாக எழுதி, அதை வைத்தே துண்டு போடச் சரியானது.

அன்று வீட்டில் அவர் பிள்ளைகளிடம் வேறொரு கதை சொன்னார். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் ஒரு காலத்தில் பொது நேரத்துக்கு ஏழரை மணி நேரம்தான் முந்தி இருந்தது. 1982 பிறந்த இரவில் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறுவாரத்திலிருந்து இருட்டில் கிளம்பினார்கள். அம்மா டார்ச் லைட்டோடு சாலை வரை வருவார். பால்மரம் கடிகாரம் பார்க்காது. வெளிச்சம் வந்தால்தான் உளி வைக்க முடியும். பெரட்டு மணியை மட்டும் எண்ணில் மாற்றி எழுதினார்கள். மற்றதெல்லாம் பழைய நேரத்திலேயே நடந்தது.

பார்ட்டிஷன் போட்டும் மாதக் கடைசி நெருக்கடி தீரவில்லை. நம் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் கூலி கைக்குப் போய்விட வேண்டும். சேமநிதிக் கழிவும் மாத வரிக் கழிவும் 15-ஆம் தேதிக்குள். ஆக எல்லா முதலாளிகளும் ஒரே வாரத்தில் ஒரே சர்வரின் வாசலில் நிற்பார்கள். துண்டுகள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே இயந்திரத்துக்குள் இருந்தன. எழுதுகிற கை ஒன்றுதான். படிப்பதற்கு நகல் சர்வர்கள் வைக்கலாம், எழுதுவதற்கு அது உதவாது. இனித் துண்டுகளைத் தனித்தனி இயந்திரங்களில் வைப்பதே வழி. ஷார்டிங் என்கிறார்கள். ஒவ்வொன்றும் முழுத் தரவுத்தளம். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு ஆட்கள்.

எதை வைத்துப் பங்கு போடுவது? கூட்டம் நீண்டது இங்கேதான். அடையாள அட்டை எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்றார் ஒரு தம்பி. கேட்க நியாயமாகவே இருந்தது. 1990 முதல் நம்மிடம் இருக்கும் 12 இலக்க எண் எல்லாரிடமும் உண்டு, ஒருவருக்கு ஒன்றுதான். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். கெடாவுக்கு 02, பினாங்குக்கு 07, சிலாங்கூருக்கு 10. மாநிலத்துக்கு ஒரு சர்வர் வைத்தால் முடிந்தது என்பது தம்பியின் வாதம்.

அவர் அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. தன் வீட்டையே உதாரணமாக எடுத்தார். பாடாங் செராயில் வளர்ந்த அவருடைய தங்கைக்கு 07, ஏனென்றால் அம்மா பிரசவத்துக்குப் போனது புக்கிட் மெர்தாஜாம் ஆஸ்பத்திரிக்கு. தங்கை வேலை பார்ப்பதோ ஷா ஆலமில். பிறந்த மாநிலம் அவள் சம்பளத்தோடு எங்கேயும் ஒட்டவில்லை. ஒரு ஃபேக்டரியின் சம்பளத்தைப் போட வேண்டுமானால் பதினாறு மாநில, கூட்டரசுப் பிரதேச சர்வர்களையும் தட்ட வேண்டிவரும். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளிக்கு அந்த எண்ணே கிடையாது. அவரிடம் இருப்பது கடப்பிதழ். எழுத்து வரிசை ரோல் கேட்ட சின்னத் துரையின் கதையை அப்போது சொன்னார். அறை சிரித்தது, தம்பியும் சேர்ந்துதான்.

சம்பளத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரு நிறுவனத்துக்குள் முடிகிறவை. யார் வந்தார், எத்தனை மணி நேரம் ஓவர்டைம், எவ்வளவு கழிவு, யாருக்கு எவ்வளவு. ஆகவே நிறுவன எண்ணே பிரிக்கும் எண் என்று முடிவானது. அதோடு இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: ஆள் விவரம், வருகை, சம்பளம், கழிவு, விடுப்பு என்று எல்லா டேபிளிலும் நிறுவன எண் இருக்கும், ஒரு நிறுவனத்தின் எல்லா வரிகளும் ஒரே சர்வரில் ஒன்றாகக் குடியிருக்கும்.

இதில் அவர் பிடிவாதமாக நின்றதற்கு அம்மா வழிக் கதை ஒன்று காரணம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி ஏக்கர் கணக்கில் கைமாற்றினார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் பதறிச் சொல்வது அதைத்தான். நிலத்தை அளந்து வெட்டினார்கள். லயமும் வேலையும் பள்ளிக்கூடமும் எந்தத் துண்டோடு சேர்த்தி என்று யாரும் பார்க்கவில்லை. அம்மாவின் பெரியம்மா குடும்பம் அப்படித்தான் வேலையும் வீடும் இழந்து பாடாங் செராய்க்கு வந்தது. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக நடந்து தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம். துண்டு போடாமல் முழுசாக வாங்கினார்கள். அம்மா புக்கிட் சிடிம் பக்கம் போகும்போதெல்லாம் அதைக் கைகாட்டிச் சொல்வார்.

எத்தனை சர்வர் என்பது அடுத்த கேள்வி. நான்கில் தொடங்கலாம். நிறுவன எண்ணை நான்கால் வகுத்து, மீதியைப் பார்த்து அனுப்பிவிடலாம். ஆனால் ஐந்தாவது சர்வர் வாங்கும் நாளில் என்ன ஆகும் என்று அவர் பலகையில் 1 முதல் 20 வரை எழுதிக் காட்டினார். நான்கால் வகுத்தாலும் ஐந்தால் வகுத்தாலும் ஒரே மீதி வருபவை 1, 2, 3, 20 என்ற நான்கே. மற்ற பதினாறும் வீடு மாற வேண்டும். ஒரு சர்வர் சேர்ப்பதற்காக நூற்றுக்கு எண்பது பேர் பெட்டியைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்? அதனால் சிறு சிறு துண்டுகள் நிறைய முதலிலேயே போட்டு, சில சர்வர்களில் அடுக்கி வைப்பதே வழக்கம். நோஷன் என்ற குறிப்பேட்டு நிறுவனம் 2021-இல் தன் போஸ்ட்கிரஸை 480 துண்டாக்கி 32 சர்வர்களில், ஒன்றுக்குப் பதினைந்தாக வைத்தது. 480 பல எண்களால் மீதியின்றி வகுபடும். 32 போதாமல் 40, 48, 96 என்று சர்வரைக் கூட்டினாலும் துண்டுகள் முழுசாகவே இடம் மாறும். இன்ஸ்டகிராம் அதற்கும் முன்பே படத்தின் எண்ணுக்குள்ளேயே துண்டின் முகவரியைப் பொதித்திருந்தது: 64 பிட்டில் 41 நேரத்துக்கு, 13 துண்டுக்கு, 10 வரிசை எண்ணுக்கு. நம் அடையாள அட்டைக்குள் மாநிலம் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான். ஆனால் அங்கே அந்த எண் கேட்கிற கேள்வியோடு ஒட்டியிருந்தது.

துண்டுகளை ஆள்வதற்கு எந்த மென்பொருள் என்று தேடியபோது ஒரு பெயர் அவரை நிமிர வைத்தது. சுகு சுகுமாரன். யூடியூபில் 2010-இல் மைக் சாலமனோடு சேர்ந்து விட்டெஸ் என்ற அமைப்பைத் தொடங்கியவர். காணொளி பார்ப்பவர்கள் பெருகி, மைஎஸ்கியூஎல் அடிக்கடி மூச்சுத் திணறிய காலம் அது. அவசர அவசரமாக ஒட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, இருவரும் வந்த தொல்லைகளையெல்லாம் ஒரு விரிதாளில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன தீர்வு என்று எழுதிப் பார்த்தார்கள். தரவுத்தளத்துக்கும் அதைக் கேட்பவனுக்கும் நடுவில் ஓர் அடுக்கு வேண்டும் என்று தெரிந்தது. கேட்பவனுக்கு ஒரே தரவுத்தளம் போலத் தெரியும். எந்தத் துண்டு எங்கே என்பது நடு அடுக்குக்குத் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டை இரண்டாக்கவும் அதனால் முடியும். 2019-இல் கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளை அதை முதிர்ந்த திட்டமாக ஏற்றது. சுகு பிறகு பிளானட்ஸ்கேல் நிறுவனத்தை ஜிதேன் வைத்யாவோடு தொடங்கினார். இப்போது போஸ்ட்கிரஸுக்கு அதே வேலையைச் செய்யும் மல்டிகிரஸில் இறங்கியிருக்கிறார். நம் பெயர் உள்ள ஒருவர் உலகமே பயன்படுத்தும் இப்படியொன்றைக் கட்டியதில் கிராணி மகனுக்கு இருக்கும் பெருமையை அவர் மறைப்பதில்லை. புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார்.

விட்டெஸையே எடுத்துக்கொண்டார்கள். இடமாற்ற இரவுகள் நீளமானவை. விட்டெஸ் செய்யும் முறை அப்பாவின் சிவப்பு மை முறைதான். முதலில் வரிகளைப் புது சர்வருக்கு நகலெடு. நகலெடுக்கும்போது பழையதில் நடக்கும் மாற்றங்களையும் பின்தொடர்ந்து புதியதில் ஏற்று. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடு. படிப்பதை மாற்று, பிறகு எழுதுவதை மாற்று. பழையதை உடனே அழிக்காதே. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆள் எண்ணிக்கையையும் சேமநிதிக் கழிவையும் இரு பக்கமும் கூட்டி, கடைசி சென் வரை ஒத்துப்போன பிறகுதான் அவர் தலையசைப்பார். இளையவர்களுக்கு அது அதிகப்படி என்று தோன்றியிருக்கலாம். அந்தச் சென்னுக்குப் பின்னால் சம்பள வரிசையில் நிற்கும் ஒருவர் இருப்பது அவருக்குத் தெரியும்.

பிரித்த பிறகு சில வேலைகள் கடினமாயின. நாடு முழுக்க மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று முதலாளிமார் சங்கக் கூட்டத்துக்கு யாராவது கேட்டால், எல்லாச் சர்வர்களையும் கேட்டுக் கூட்ட வேண்டும்; கடைசியாகப் பதில் சொல்லும் சர்வரின் வேகமே மொத்த வேகம். மூன்றாம் டிவிசன் தாள் வந்து சேரும்வரை பெரிய கிராணியார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பதுபோல. ஒரே ஆள் இரண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தால் அவர் இரண்டு சர்வரில் இருப்பார். அவரை ஒருவராகக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு தேடல் டேபிள் வைத்தார்கள். ஒரு குழுமத்துக்குள் ஓர் ஆள் இன்னொரு கம்பெனிக்கு மாறினால், இரண்டு சர்வரிலும் ஒரே நேரத்தில் எழுத வேண்டும்; ஒன்றில் எழுதி மற்றதில் விட்டால் ஆபத்து. அதற்கு இருகட்ட ஒப்புதல் என்ற பழைய முறை உண்டு. மெதுவானது, நடுவில் ஒன்று விழுந்தால் மற்றது காத்துக் கிடக்கும். இவர்கள் அதைத் தவிர்த்து, புதியதில் ஏற்றிய பிறகே பழையதில் முடிக்கும் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெரிய தலைவலி ஒரு தோட்ட நிறுவனத்திடமிருந்து வந்தது. பல மாநிலங்களில் செம்பனைத் தோட்டம், ஆயிரக்கணக்கில் ஆட்கள். அவர்கள் சம்பளம் போடும் நாளில் அவர்களுடைய சர்வர் மட்டும் தகிக்கும். மற்றவை சும்மா இருக்கும். ஸ்லாக் நிறுவனத்துக்கும் இதேதான் நடந்தது. ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தின் வரிகளெல்லாம் ஒரே துண்டில் என்று பிரித்திருந்தார்கள். வாடிக்கையாளர் வளர்ந்தபோது ஒரு துண்டுக்குள் அடங்கவில்லை. 2017-இல் விட்டெஸுக்கு மாறத் தொடங்கி மூன்று ஆண்டு உழைத்தார்கள். செய்திகளை நிறுவனத்தை வைத்துப் பிரிக்காமல் சேனலை வைத்துப் பிரித்த பிறகே மூச்சு வந்தது.

“அண்ணே, இந்தக் கம்பெனிய மட்டும் டிவிசன வச்சு வெட்டிருவோமா? நீங்கதானே சொல்லுவீங்க?” என்று கேட்டார் அதே தம்பி. அவருக்கும் ஆசைதான். ஆனால் ஒப்புக்கொள்ளுமுன், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் டிவிசன் மாறினார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். வந்த பட்டியல் நீளமாக இருந்தது. அப்பா காலத்தில் ஒருத்தி கல்யாணமாகிப் போனால்தான் ரோல் மாறினாள். இன்றைய குலை வெட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் ஒப்பந்தத்தில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளிகள். காலையில் ஒரு டிவிசனில் குலை வெட்டி, மழை வந்தால் லாரியில் ஏற்றி அடுத்த டிவிசனுக்கு அனுப்பப்படுகிறவர்கள். டிவிசனை வைத்து வெட்டினால் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான வரிகள் சர்வர் மாறும்.

ஆள் எண்ணை வைத்தே பிரிப்பது என்று முடிவானது. ஒரு தொழிலாளியின் எல்லா நாட்களும், எந்த டிவிசனில் வெட்டியிருந்தாலும், ஒரே இடத்தில். அதற்கு விலை, டிவிசன் வாரியான கூட்டல் எந்தச் சர்வரிலும் முழுசாக இல்லாமல் போனது. அதை இரவு 2 மணிக்குத் தனியாக எல்லாத் துண்டுகளிலிருந்தும் சேகரித்து ஒரு சின்ன டேபிளில் எழுதுகிறார்கள். காலைப் பெரட்டுக்கு முன் அந்தத் தாள் ஒவ்வொரு டிவிசன் மண்டோரின் கைப்பேசிக்கும் போய்விடுகிறது.